214 கோடியில் முட்டி நிற்கும் கணக்கு: 2147483647 என்ற எண்ணின் கதை

கல்லூரியில் முதன்முதலாக சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் பலர் இந்தக் கூத்தைப் பார்த்திருப்பார்கள். பெயர், ஊர், மொபைல் நம்பர் என்று மூன்றே கட்டம் உள்ள சின்னப் பட்டியல். ஐம்பது பேரின் விவரங்களை ஏற்றிவிட்டுத் திறந்து பார்த்தால் பெயர் சரியாக இருக்கும், ஊர் சரியாக இருக்கும். மொபைல் நம்பர் மட்டும் ஐம்பது பேருக்கும் ஒரே நம்பராக இருக்கும். அந்த நம்பர் 2147483647.

வைரஸ் வந்துவிட்டதா, பக்கத்து சீட் நண்பன் விளையாடிவிட்டானா என்று அரைமணி நேரம் மண்டை காயும். கடைசியில் சீனியர் யாராவது எட்டிப்பார்த்து, "மொபைல் நம்பரை இன்ட்-னு குடுத்தியா? அதை மாத்துப்பா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாற்றினால் சரியாகிவிடும். ஆனால், எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த அந்தப் பத்து இலக்க எண் எது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய எண்தான் அது. 250 ஆண்டுகளுக்கு முன் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்ட ஒரு மேதை மெனக்கெட்டு ஆராய்ந்த எண். ஒரு விமானத்தின் மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தக்கூடிய எண். 2038-ல் உலகத்தின் பழைய கம்ப்யூட்டர்கள் பலவும் போய் முட்டப்போகிற எண்ணும் இதுவே.

முதலில் ஐம்பது பேருக்கும் ஏன் ஒரே நம்பர் என்று பார்த்துவிடலாம். 'இன்ட்' என்பது கம்ப்யூட்டரில் முழு எண்களை வைக்கும் ஒரு டப்பா. டப்பாவின் கொள்ளளவு 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதற்கு மேல் ஒன்றுகூட உள்ளே போகாது. நம் நாட்டு மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9 ஆகிய எண்களில்தான் தொடங்குகின்றன. அவற்றில் மிகச் சிறியதை எடுத்துக்கொண்டாலும் 600 கோடி. ஆக, இந்தியாவில் எந்த மொபைல் நம்பருக்கும் அந்த டப்பாவில் இடமில்லை. தகவல்களைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் போன்ற மென்பொருளின் பழைய பதிப்புகள், பெரிய எண் வந்தால் "முடியாது" என்று திருப்பி அனுப்பாமல், தன்னால் தாங்க முடிந்த உச்ச எண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். எல்லோருக்கும் ஒரே நம்பர் வந்தது அதனால்தான்.

சரி, கொள்ளளவு ஏன் 200 கோடி, 300 கோடி என்று முழுசாக இல்லாமல் இப்படி ஒரு சில்லறை எண்ணாக இருக்கிறது?

முப்பத்தொரு சுவிட்சுகள்

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஆன், ஆஃப் இரண்டுதான். வரிசையாக 32 சுவிட்சுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் 32 பிட் என்கிறார்கள். இடது ஓரத்தில் இருக்கும் ஒரு சுவிட்சு, எண் கூட்டலா கழித்தலா என்று சொல்வதற்கு. மீதி 31. வலது ஓரத்திலிருந்து முதல் சுவிட்சின் மதிப்பு 1, அடுத்தது 2, அடுத்தது 4, பிறகு 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 31 சுவிட்சுகளையும் ஆன் செய்தால் வரும் மொத்த மதிப்பு 2147483647. அதாவது, 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்.

இந்த இரட்டிப்பு நமக்குப் புதிதில்லை. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று ராஜாவிடம் கேட்டவரின் கதை பாட்டி காலத்திலிருந்து வருவது. அந்தப் பலகையில் 31-வது கட்டம் முடிந்தவுடன் நிறுத்திக்கொண்டால் மொத்த அரிசி எவ்வளவோ, அதுதான் நம் எண். ஒரு கிராமுக்கு 40 அரிசி என்று வைத்துக்கொண்டால் 53 டன்னுக்கு மேல் வரும். 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் 2,147 மூட்டை! ராஜாவுக்கு அதுவரை பெரிய கஷ்டமிருக்காது. மீதி 33 கட்டங்களில்தான் கஜானா காலி.

31 சுவிட்சும் ஆன் ஆகியிருக்கும் நேரத்தில் இன்னொன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துப் பாருங்கள். 99999-க்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் ஓடினால் எல்லாம் சுழன்று 00000 ஆகிவிடும். இங்கேயும் அப்படித்தான், இன்னும் மோசமாக. 31 சுவிட்சுகளும் ஆஃப் ஆகி, ஓரத்தில் இருக்கிற கூட்டல் - கழித்தல் சுவிட்சு ஆன் ஆகிவிடும். 214 கோடி பாசிட்டிவ் என்று இருந்தது, ஒரே ஒரு எண் கூடியதால் மைனஸ் 214 கோடியாகிவிடும். துல்லியமாகச் சொன்னால் மைனஸ் 2147483648. பேங்க் பேலன்ஸில் இப்படி நடந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆய்லரும் 372 வகுத்தல்களும்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்த எண் பிரபலம். காரணம் வேறு.

இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்கள் மீது கணித மேதைகளுக்கு எப்போதும் ஒரு மோகம் உண்டு. 3, 7, 31, 127 எல்லாம் அப்படி வருபவை. நான்கும் பகா எண்கள், அதாவது 1-ஆலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதவை. இதைப் பார்த்து 'எல்லாமே அப்படித்தான்' என்று நினைத்துவிடக் கூடாது. 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. பார்க்க அப்பாவி எண். ஆனால் 23-ஐ 89-ஆல் பெருக்கினால் அது வந்துவிடும்.

இத்தாலியின் போலோன்யா நகரத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்த கடால்டி என்பவர், 1603-ல் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளில் வரும் நான்கு எண்களும் பகா எண்கள் என்று எழுதினார். அதில் 23, 37 இரண்டையும் பிரான்ஸின் ஃபெர்மா 1640-ல் உடைத்துக் காட்டினார். 29-ஐ சுவிட்சர்லாந்தில் பிறந்த லியோன்ஹார்ட் ஆய்லர் பிறகு உடைத்தார். மிஞ்சியது 31 மட்டும். பாரிஸில் வாழ்ந்த துறவி மெர்சென் 1644-ல் வெளியிட்ட தன் பட்டியலிலும் 31 இருந்தது. அந்தப் பட்டியலில் 67, 257 என்ற இரண்டு தவறுகள் உண்டு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயிருந்தன. இருந்தும், இந்த வகைப் பகா எண்களுக்கு 'மெர்சென் எண்கள்' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. யாருக்கு எதில் பெயர் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

31-ன் வழக்கு 1772-ல் முடிந்தது. அப்போது ஆய்லருக்கு வயது 65. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் இருந்தார். வலது கண் இளம் வயதிலேயே போயிருந்தது; இடது கண்ணிலும் புரை விழுந்து, அறுவை சிகிச்சையும் கைகொடுக்காமல், ஏறக்குறைய இருட்டிலேயே இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் சொல்லச் சொல்ல மகனும் உதவியாளர்களும் எழுதிக்கொண்டார்கள். பெர்னோலி என்ற இன்னொரு கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், 2147483647 பகா எண்தான் என்று ஆய்லர் உறுதியாகத் தெரிவித்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் இந்தக் கதையிலேயே ருசியான பகுதி. ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இதன் வர்க்கமூலம் 46,340-ஐ ஒட்டி வரும். அதுவரை உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4,800. ஒவ்வொன்றாக வகுத்து, மீதி பார்த்து, தப்பு வந்ததா என்று சரிபார்க்க வேண்டும். பேப்பரும் பேனாவும் உள்ள நமக்கே இது முடியாது.

ஆய்லர் முதலில் வகுக்கவில்லை. எந்த எண்களால் வகுக்கவே தேவையில்லை என்று யோசித்தார். 2047-ஐ மறுபடி பாருங்கள். அது 11-வது அடுக்கில் வந்தது. அதை வகுக்கும் எண்கள் 23, 89. இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 22-ன் மடங்குகள். 22 என்பது 11-ன் இரண்டு மடங்கு. இது தற்செயல் இல்லை, விதி. 31-வது அடுக்கில் வரும் எண்ணை ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், அதை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். அதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதே பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே வேட்பாளர்கள். மற்றவை எல்லாம் டெபாசிட் இழந்தவை!

46,340 வரை இப்படிப்பட்ட எண்கள் ஏறத்தாழ 372-தான். அவற்றிலும் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 80-ஐ ஒட்டித்தான் வரும். 4,800 வகுத்தல் 80 ஆகிவிட்டது.

கையில் இருக்கும் மொபைலின் கால்குலேட்டரில் நீங்களே தொடங்கிப் பார்க்கலாம். வேட்பாளர்களில் முதல் பகா எண் 311. அதனால் 2147483647-ஐ வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. தோல்வி. அடுத்தது 1303. ஈவு 1648107, மீதி 226. அதுவும் தோல்வி. இப்படியே கடைசி வரை போனாலும் ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பொழுதுபோகாத வீட்டில் ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொண்டால் மாலைக்குள் முடித்துவிடலாம். ஆய்லரின் மூளை நமக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் அவ்வளவு.

அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு, மனிதர்களுக்குத் தெரிந்த பகா எண்களிலேயே பெரியது இதுவாகத்தான் இருந்தது. இதை வைத்து இன்னொரு அபூர்வமும் கிடைத்தது. 6 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6. இப்படித் தன் வகுத்திகளின் கூட்டுத்தொகையே தானாக இருக்கும் எண்ணை நிறைவெண் என்பார்கள். 28-ம் அப்படித்தான். 2147483647-ஐ 30 இரண்டுகளின் பெருக்கலோடு பெருக்கினால் 2305843008139952128 என்ற 19 இலக்க எண் வரும். அதுவும் ஒரு நிறைவெண். வரிசையில் எட்டாவது.

'இதனால் யாருக்கு லாபம்?'

1811-ல் பீட்டர் பார்லோ என்ற இங்கிலாந்துக் கணித ஆசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். ஆய்லரின் இந்த எண்ணையும் அதிலிருந்து வந்த நிறைவெண்ணையும் குறிப்பிட்டுவிட்டு, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்ன காரணம் நம் வீடுகளில் அடிக்கடி கேட்பதுதான். இதெல்லாம் வெறும் வேடிக்கை, உபயோகம் ஒன்றும் கிடையாது, பிறகு எவன் மெனக்கெடுவான்?

மெனக்கெட்டார்கள். 1876-ல் பிரான்ஸின் லூகா என்பவர், 127-வது அடுக்கில் வரும் 39 இலக்க எண் பகா எண் என்று நிரூபித்தார். கடைசியாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அடுக்கு 136279841. வேடிக்கைக்காக ஆளுக்கொரு கம்ப்யூட்டரை ஓடவிட்டு உலகம் முழுவதும் தேடும் கூட்டம் இன்றும் இருக்கிறது.

உபயோகம் இல்லை என்றாரே, அதுவும் பொய்த்துவிட்டது. லூடோ ஆப்பில் தாயத்தை உருட்டுகிறோம். 4 விழுகிறதா 6 விழுகிறதா என்று கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்யும்? அதனிடம் உண்மையான தாயம் கிடையாது. ஒரு எண்ணை வேறொரு எண்ணால் பெருக்கி, மூன்றாவது எண்ணால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ளும். அந்த மீதியை மறுபடி பெருக்கும், வகுக்கும். வரிசை நமக்குத் தாறுமாறாகத் தெரியும். எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

சின்ன எண்ணில் பார்க்கலாம். 1-ல் தொடங்கி, 3-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்து மீதி எடுத்தால் 1, 3, 1, 3 என்று இரண்டு எண்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். தாயம் ஆடினால் சண்டை வந்துவிடும். 8-க்குப் பதில் 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 1, 3, 2, 6, 4, 5 என்று ஆறு எண்களையும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் மறுபடி 1-க்கு வரும். 7 பகா எண் என்பதால் வந்த வசதி இது.

7 இருக்கும் இடத்தில் 2147483647-ஐ வைத்தால்? 32 பிட் டப்பாவுக்குள் அடங்கும் எண்களிலேயே பெரியது. அதிர்ஷ்டவசமாக அதுவே பகா எண். 1969-ல் ஐபிஎம் கம்ப்யூட்டர்களுக்காக இந்த முறையைத் தயாரித்தார்கள். பெருக்கும் எண் 16807, அதாவது ஐந்து ஏழுகளின் பெருக்கல். 1-ல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று 214 கோடிக்கும் மேற்பட்ட எண்களைத் தொட்டுவிட்டுத்தான் முதல் எண்ணுக்குத் திரும்பும். 1988-ல் பார்க், மில்லர் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது உலகமெங்கும் பரவியது. சி++ படித்தவர்கள் அதன் நூலகத்தில் இன்றும் இதைப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: ஒரு எண் தெரிந்தால் அடுத்ததைக் கணக்கிட்டுவிடலாம் என்பதால் பாஸ்வேர்டு, ஓடிபி போன்ற காரியங்களுக்கு இது ஆகாது. தாயத்துக்குப் போதும்.

முட்டிக்கொண்டவர்கள்

2012 ஜூலையில் யூடியூபில் ஏறிய 'கங்னம் ஸ்டைல்' பாட்டு ஞாபகமிருக்கும். கொரியப் பாடகர் சையின் குதிரை டான்ஸை அன்றைக்கு ஆடாத கல்யாண வீடு குறைவு. யூடியூப் தொடங்கிய காலத்தில் ஒரு வீடியோவை 214 கோடி தடவை பார்ப்பார்கள் என்று யாரும் கனவு காணவில்லை. எண்ணிக்கையை 32 பிட் டப்பாவில் வைத்திருந்தார்கள். 2014 டிசம்பரில் அந்தப் பாட்டு எல்லையைத் தொட்டது. நல்லவேளையாக யூடியூப்காரர்கள் முன்கூட்டியே கவனித்து 64 பிட்டுக்கு மாறிவிட்டார்கள். கெத்தாக அதை அறிவித்ததோடு, எண்ணிக்கை மீது மவுஸை வைத்தால் இலக்கங்கள் சுழல்வது போல ஒரு குறும்பும் செய்துவைத்தார்கள்.

பங்குச்சந்தையில் 2021 மே மாதம் நடந்தது இதன் அண்ணன் எண்ணால். கழித்தல் சுவிட்சு தேவையில்லை என்று 32 சுவிட்சுகளையும் எண்ணுவதற்கே வைத்துக்கொண்டால் உச்சம் 4294967295. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை விலைகளை நான்கு தசம இலக்கத்தோடு இந்த அளவு டப்பாவில் வைத்திருந்தது. எனவே 4,29,496 டாலர் 72 சென்ட்டுக்கு மேல் விலை போனால் இடமில்லை. அவ்வளவு விலைக்கு எந்தப் பங்கு போகும் என்று நினைத்திருப்பார்கள். வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே போனது. அந்தப் பங்கின் விலையைச் சில சேவைகளில் தற்காலிகமாக நிறுத்திவைத்துச் சரிசெய்தார்கள். அந்த அண்ணன் பகா எண் இல்லை: 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் பெருக்கினால் வந்துவிடுவார்.

இவை பணம், பாட்டு. விமான விஷயம் அப்படியில்லை.

2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. அந்த விமானத்தில் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தொடர்ந்து 248 நாட்கள் மின்சாரம் கொடுத்து, நடுவே அணைக்காமலே வைத்திருந்தால், உள்ளே இருக்கும் எண்ணும் கருவி நிரம்பி வழிந்து, கட்டுப்பாட்டுக் கருவி தன் வேலையை நிறுத்திவிடும். நான்கு முக்கிய கருவிகளையும் ஒரே நேரத்தில் ஆன் செய்திருந்தால் நான்கும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். விமானம் நடுவானில் இருந்தாலும் ஏசி மின்சாரம் மொத்தமும் போய்விடும்.

ஏன் 248? ஒரு விநாடியை நூறு பங்காக்கி எண்ணினால் ஒரு நாளைக்கு 86,40,000 வரும். 2147483647-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். 248.55 வரும். உத்தரவு வெளியானவுடன் உலகம் முழுவதும் புரோகிராமர்கள் போட்ட முதல் கணக்கு இதுதான். ஆய்லரின் கணக்கிலும் ஒரு 248 வந்ததே என்று கேட்பவர்களுக்கு: அது எட்டு முப்பத்தொன்று 248 என்பதால் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, வெறும் தற்செயல்.

நல்லவேளை, இந்தக் கோளாறு பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியவந்தது, வானத்தில் அல்ல. முதலில் சொல்லப்பட்ட வைத்தியமும் எளிது: குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை மின்சாரத்தை முழுதாக அணைத்துப் போட வேண்டும். வீட்டு வைஃபை மோடத்துக்கு நாம் செய்வதுதான்.

2038, ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை

கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை நேரத்தை நம்மைப் போல் தேதி, மாதம், வருஷம் என்று வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரம் நள்ளிரவு 12 மணியிலிருந்து எத்தனை விநாடி ஓடியிருக்கிறது என்று ஒரே எண்ணாக வைத்திருக்கின்றன. காலண்டர், கடிகாரம் எல்லாம் அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டு நமக்குக் காட்டப்படுபவை. யூனிக்ஸ் என்ற அமைப்பில் தொடங்கிய பழக்கம் இது. அந்த எண்ணை நெடுங்காலம் வைத்திருந்தது அதே 32 பிட் டப்பாவில்.

2147483647 விநாடிகள் என்றால் 68 ஆண்டுகளும் சொச்சமும். 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு டப்பா நிரம்பிவிடும். அடுத்த விநாடி, மாற்றப்படாத கம்ப்யூட்டர்களுக்கு நாள் 1901 டிசம்பர் 13 ஆகிவிடும். நேரம் கிரீன்விச் கணக்கில் இரவு 8:45 தாண்டி. ராஜாஜி, காமராஜர் எல்லாம் வந்துபோன ஒரு நூற்றாண்டு முழுவதையும் ஒரே விநாடியில் பின்னால் தாண்டிவிடும்.

அதற்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால், கணக்குகள் அந்த நாளுக்காகக் காத்திருப்பதில்லை. 2006 மே 13-ஆம் தேதி, நம் நேரப்படி காலை 7 மணி ஆக இரண்டரை நிமிடம் இருக்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. ஏஓஎல்சர்வர் என்ற மென்பொருளில், 'எப்போதுமே காலாவதி ஆகாது' என்று சொல்வதற்குப் பதில், 'இன்றிலிருந்து 100 கோடி விநாடி கழித்துக் காலாவதி' என்று எழுதிவைத்திருந்தார்கள். 30 ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம். அந்தக் காலை வேளையில், 100 கோடி விநாடி தள்ளிய நாள் 2038-ன் எல்லையைத் தாண்டியது. காலாவதி தேதி சட்டென்று கடந்த காலத்துக்குப் போய், சர்வர்கள் படுத்துவிட்டன.

நம் வீட்டுக் கணக்குக்கு வந்தால், 2018-ல் இருபது வருஷத் தவணையில் வீட்டுக்கடன் வாங்கியவரின் கடைசித் தவணை 2038-ல் வருகிறது. இன்று பிறந்த குழந்தைக்குப் போடும் நீண்டகால சேமிப்புகள், இளைஞர்களின் ஓய்வூதியக் கணக்குகள் எல்லாம் அந்தத் தேதியைத் தாண்டிய நாட்களோடுதான் புழங்குகின்றன. இவற்றைக் கையாளும் பெரிய நிறுவனங்களின் மென்பொருள் தேதியை வேறு விதமாக வைத்திருந்தால் பிரச்னை இல்லை. பழைய முறையில் எங்காவது ஒரு மூலையில் ஒரு டப்பா மாட்டிக்கொண்டிருந்தால், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் 'டைம்ஸ்டாம்ப்' என்ற வகையில் தேதியை வைத்தால், அதன் எல்லை இன்னமும் 2038 ஜனவரி 19-தான்.

அண்மை ஆண்டுகளில் வாங்கிய ஸ்மார்ட்போன், லேப்டாப் எதற்கும் பயப்பட வேண்டாம். அவை 64 பிட்டில் நேரத்தை வைத்திருக்கின்றன. பழைய 32 பிட் கருவிகளுக்கும் வழி பிறந்திருக்கிறது. லினக்ஸின் அடிப்படை மென்பொருள் 2020-ல் வந்த 5.6 பதிப்பிலிருந்து இதற்குத் தயார். சிக்கல் வேறு இடத்தில். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மீட்டர், பழைய ரவுட்டர், கட்டடத்தின் ஏதோ ஒரு சுவரில் மாட்டி, பொருத்தியவரும் ஓய்வுபெற்றுப் போன கருவி. அப்டேட் என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. 2000-ஆம் ஆண்டுப் பிரச்னை வந்தபோது உலகம் முழுவதும் வரிவரியாகத் தேடித் திருத்தினார்கள். அந்த வேலையில்தான் நம் நாட்டு மென்பொருள் நிறுவனங்கள் பல வெளிநாட்டில் பெயர் வாங்கின. அன்று ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது வெறும் பூச்சாண்டி என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. திருத்தியதால்தான் ஒன்றும் ஆகவில்லை.

64 பிட்டுக்கு மாறினால் எவ்வளவு நாள் தாங்கும்? அந்த டப்பாவின் உச்சம் 9223372036854775807. விநாடிகளாக எண்ணினால் 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். சூரியனே அதற்கு முன் அணைந்துவிடும். ஆனால், எண் என்று பார்த்தால் இதற்குப் பழையதன் பெருமை கிடையாது. 63 அடுக்கில் வருவதால் இது 7-ஆல் மீதியின்றி வகுபடும். வகுத்து வருவதும் மறுபடி ஒருமுறை 7-ஆல் வகுபடும்.